மார்பு இருபத்தொன்று

2006 ஜூன் 5: இணையப் பெயர், இடம், ஓராண்டு வாடகை, ரூ. 2,400
2006 ஜூன் 19: கடைப் பக்கம் அமைத்த கூலி, ரூ. 3,500
2006 ஆகஸ்ட் 2: துண்டு நோட்டீஸ், 2,000 தாள், ரூ. 700
2006 செப்டம்பர் 14: சுவர் விளம்பரம், இரண்டு இடம், ரூ. 900
2006 அக்டோபர் 9: கேபிள் டி.வி.யில் ஓடும் எழுத்து, பத்து நாள், ரூ. 500
2006 டிசம்பர் 31 வரை பக்கத்தின் வழியாக நடந்த விற்பனை: இல்லை

கடைக்கு ‘பிரிசில்லா பேபி வேர்’ என்று பெயர். கடைக்காரி பிரிசில்லா மூலனூர்ப் பக்கம் பிறந்தவள். பதினாறு வயதில் திருப்பூருக்கு வந்து ஒரு பனியன் கம்பெனியில், துணியின் ஓரங்களைச் சேர்த்துத் தைக்கும் ஓவர்லாக் மெஷினுக்கு முன்னால் உட்கார்ந்தாள். பதினெட்டு வருடம் கழித்துத்தான் எழுந்தாள். அவ்வளவு காலமும் அவள் தைத்தது தோள்பட்டை. இடது தோள், வலது தோள், அடுத்த சட்டை. கழுத்து வேறொருத்தி, கை வேறொருத்தி, அடிமடிப்பு இன்னொருத்தி. தான் தைத்த சட்டை முழுசாக எப்படி இருக்கும் என்று பார்க்க வேண்டுமானால் பேக்கிங் பிரிவுக்குத்தான் போக வேண்டும். அங்கே போனால் சூப்பர்வைசர் திட்டுவார்.

வேலையை விட்டபோது வந்த சேமநிதிப் பணத்தில் அவள் மூன்று மெஷின் வாங்கிப் பெருமாநல்லூர் வீட்டின் முன்னறையில் போட்டாள். ஓவர்லாக் ஒன்று, அடிமடிப்புக்குப் பேட்லாக் ஒன்று, சாதாரணத் தையல் மெஷின் ஒன்று. பிறந்த குழந்தைக்கான, முன்பக்கம் முடிச்சுப் போடும் வெள்ளைச் சட்டையை வெட்டுவது முதல் மடிப்பது வரை தானே செய்தாள். முதல் சட்டை முடிந்த அன்று அதைக் கொடியில் மாட்டிவிட்டு மத்தியானச் சோற்றையும் மறந்து பார்த்துக்கொண்டே இருந்தாள்.

சட்டை நன்றாகத்தான் இருந்தது. வாங்கத்தான் ஆள் இல்லை. மொத்தக் கடைகளில் குழந்தைச் சட்டை மலைபோல் குவிந்து கிடந்தது. அப்போதுதான் அதே தெருவில் பிரவுசிங் சென்டர் வைத்திருந்த முஸ்தபா அந்த யோசனையைச் சொன்னான். கம்ப்யூட்டரில் ஒரு கடை போட்டால் உலகமே வந்து பார்க்கும்.

பிரிசில்லாவின் கணவன் ராக்கையாவுக்கு இதில் நம்பிக்கை இல்லை. அவன் மதுரைப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்தவன். துணி ரோல்களைச் சாயப்பட்டறைக்கு ஏற்றிப் போகும் லோடு ஆட்டோ ஓட்டினான்.

“ஒலகமே வரட்டும், எனக்கென்ன. ஒரு வருசம் பாப்பம். அடுத்த ஜூன் அஞ்சுக்குள்ள ஓங் கடைக்கு ஆள் வரலைன்னா மெஷினுகள வித்துப்புட்டுக் கம்பெனிக்குப் போயிரணும். சம்மதமா?” என்றான்.

“சரீங்க” என்றாள் பிரிசில்லா. மறுபடியும் தோள்பட்டை தைப்பதை நினைத்தபோதே அவளுக்குத் தோள் வலித்தது.

ஆள் வர என்ன செய்ய வேண்டும் என்று அவளுக்கு யாரும் சொல்லித் தரவில்லை. ஊரில் எந்தக் கடை திறந்தாலும் நோட்டீஸ் கொடுப்பார்கள், சுவரில் எழுதுவார்கள், கேபிளில் ஓட்டுவார்கள். அவளும் அதையே செய்தாள். பெரும்பாலோர் கம்ப்யூட்டரையே பார்த்திராத ஊரில், கம்ப்யூட்டர் கடைக்கு இரண்டாயிரம் நோட்டீஸ். அதற்கும் பலன் இல்லாமல் போகவில்லை. ஆகஸ்ட் மாதம் ஒரு நாள், கணியூரில் தோட்டம் வைத்திருந்த நல்லான் என்ற பெரியவர், சம்பந்தி வீட்டுக்கு வந்த இடத்தில் கிடைத்த நோட்டீசைப் பிடித்துக்கொண்டு வாசலில் வந்து நின்றார்.

“ஏனுங்க அம்மிணி, இதுல போட்டிருக்கற கடை எங்கீங்க?”

“அது கம்ப்யூட்டர்ல இருக்குதுங்க.”

“அந்தக் கம்ப்யூட்டரு எங்கீங்க?”

“எங்க ஊட்டுல இல்லீங்க. பாய் சென்டர்ல போயிப் பார்த்தா தெரியுமுங்க.”

“அங்க போனா சட்டை குடுப்பாங்களா?”

“இல்லீங்க. சட்டை இங்கதான் இருக்குது.”

பெரியவர் நோட்டீசையும் பார்த்தார், அவளையும் பார்த்தார். “சட்டையும் இங்க இருக்குது, நீங்களும் இங்க இருக்கறீங்க. அப்பறம் கடை மட்டும் எதுக்குங்க அங்க போயிக் கெடக்குது?” என்றார். இரண்டு சட்டை எடுத்துக்கொண்டு, விலையில் கொஞ்சம் குறைக்கச் சொல்லி, குறைத்த பிறகும் முணுமுணுத்துக்கொண்டே போனார்.

ராக்கையா அன்று முழுவதும் சிரித்தான். “ஏ பிரிசி, ஓங் கம்ப்யூட்டர் கடைக்கு மொத ஆளு வந்துட்டாருல்ல. டி.வி.எஸ். பிப்டியில வந்துருக்காரு!”

மாதக் கடைசியில் முஸ்தபா கணக்குப் பக்கம் ஒன்றைத் திறந்து காட்டுவான். கடைப் பக்கத்தை எத்தனை பேர் பார்த்தார்கள், எந்த ஊரிலிருந்து பார்த்தார்கள், தேடும் இடத்தில் என்ன எழுதி அங்கே வந்து சேர்ந்தார்கள் என்பதெல்லாம் அதில் விழும்.

“இந்த மாசம் நாப்பத்தொரு பேருங்கக்கா.”

“அத்தனை பேருங்களா பாய்?”

முஸ்தபா தலையைச் சொறிந்தான். “அதுல முப்பத்தெட்டு நம்ம சென்டர்தானுங்க. நானு, எஞ்சம்சாரம், பின்ன நீங்க வந்து பார்க்கறீங்கள்ல, அதுவும் சேர்ந்துதான்.”

டிசம்பர் இப்படியே போயிற்று. ஜனவரி பத்தாம் தேதி வாக்கில் முஸ்தபா தானாகவே வீட்டுக்கு வந்து கூப்பிட்டான். நடந்த நடையில் ஒரு அவசரம் இருந்தது.

“அக்கா, வந்து பாருங்க. ஆரோ வர்றாங்க. நம்ம ஊரு இல்லீங்க.”

திரையில் ஆங்கில வரிகள் ஒன்றன்கீழ் ஒன்றாக நின்றன. பிரிசில்லா எட்டாவது வரை படித்தவள். எழுத்துக் கூட்டுவாள், பொருள் பிடிபடாது. முஸ்தபா ஒவ்வொன்றாகத் தமிழில் சொன்னான்.

“இது நாக்பூருங்க. ‘ஒரு கிலோவுக்குக் கீழே உள்ள குழந்தைக்குச் சட்டை’ன்னு தேடியிருக்காங்க. இது கல்கத்தா. ‘மார்பு இருபத்தொரு சென்டிமீட்டர் சட்டை.’ இது எந்த ஊருன்னு விழுகலீங்க. ‘இரண்டு மாதம் முன்னால் பிறந்துவிட்டது, என்ன உடுத்துவது.’ இது…” அவன் நிறுத்தினான். “இது வெறுமனே, ‘மிகச் சிறிய குழந்தை, மிகச் சிறிய சட்டை’ன்னு போட்டிருக்குதுங்க.”

பிரிசில்லா நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தாள்.

“இத எழுதுனவங்க ஆருங்க?”

“அது தெரியாதுங்க. பேரெல்லாம் வராது.”

“ஆனா அவங்க எழுதுனது நமக்குத் தெரியுது.”

“ஆமாங்க.”

“நமக்குத் தெரியுதுன்னு அவங்களுக்குத் தெரியுமுங்களா?”



அவள் போகும் தேவாலயத்தில் ஒரு பெட்டி உண்டு. வேண்டுதல் இருப்பவர்கள் அதைச் சீட்டில் எழுதிப் பெயர் போடாமல் அதில் போடுவார்கள். ஞாயிற்றுக்கிழமை போதகர் ஐயர் ஒவ்வொரு சீட்டாகப் பிரித்து வாசிப்பார். எழுதியவர் யார் என்று தெரியாது. ஆனால் அந்த நேரத்தில் சபையே மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்கும். அந்தத் திரைக்கு முன்னால் பிரிசில்லாவுக்கு அதே மூச்சடைப்பு வந்தது. எங்கோ ஒரு ஆஸ்பத்திரிக்குப் பக்கத்தில், தூங்காத ஒருவர் விரல்களால் தட்டிய வார்த்தைகள். அவை மலையும் ஆறும் தாண்டி, பெருமாநல்லூரில், மூன்று மெஷின் ஓடும் ஒரு முன்னறையைத் தேடி வந்திருக்கின்றன. உலகம் இவ்வளவு பெரியது என்பதும், அதில் தன் வீட்டுக்கு ஒரு வழி இருக்கிறது என்பதும் அவளுக்கு ஒரே நேரத்தில் புரிந்தது.

“ஆனா அக்கா, கொறமாசக் கொழந்தைக எதுக்குங்க நம்மகிட்ட வருது? அதப் பத்தி நாம ஒண்ணுமே எழுதலியே” என்றான் முஸ்தபா.

அவளுக்கும் விளங்கவில்லை. அந்த வாரத்தில் போபாலிலிருந்து ஒரு ஆர்டர் வந்தது. பன்னிரண்டு சட்டை. வங்கி வரைவோலையும் பின்னாலேயே வந்தது. ராக்கையா பார்சலை லோடு ஆட்டோவில் தன் பக்கத்து சீட்டில் வைத்து கூரியர் ஆபீசுக்குக் கொண்டு போனான். பின்னால் துணி ரோல்களோடு போடவில்லை.

பிப்ரவரி 12, திங்கட்கிழமை, போபாலிலிருந்து ஒரு உறை வந்தது. எழுதியவர் அங்கே ஒரு மருத்துவமனையில் பச்சைக் குழந்தைகள் பிரிவின் தலைமைச் செவிலியர். பெயர் சுனிதா வர்கீஸ். முஸ்தபா முன்னறைக்கே வந்து கடிதத்தைப் படித்துச் சொன்னான். ராக்கையா டீ கிளாசோடு வாசற்படியில் நின்று கேட்டான்.

“உங்கள் சட்டையில் குறை ஒன்றும் இல்லை. துணி மிக மென்மை. ஆனால் எங்கள் குழந்தைகளில் இரண்டு பேரை ஒரே சட்டைக்குள் படுக்க வைக்கலாம். மார்பு இருபத்தொரு சென்டிமீட்டர் என்று உங்கள் பக்கத்தில் பார்த்துத்தான் ஆர்டர் கொடுத்தேன். அந்த அளவில் சட்டை தைப்பவர் இந்த நாட்டில் ஒருவராவது இருக்கிறாரே என்று எங்கள் பிரிவில் எல்லோரும் சந்தோஷப்பட்டோம். எங்கோ தவறு நடந்திருக்கிறது. பணத்தைத் திருப்பித் தர வேண்டாம். இன்று காலை ஒரு பெண் குழந்தையின் மார்பைச் சுற்றி எடுத்த அளவை இதோடு வைத்திருக்கிறேன். இவ்வளவு சிறியதாக உங்களால் தைக்க முடியுமா?”

முஸ்தபா படித்து முடிப்பதற்குள்ளேயே பிரிசில்லாவின் முகம் மாறிவிட்டது.

திருப்பூரில் எந்தக் கம்பெனியிலும் சட்டையை மேசைமேல் தட்டையாகப் போட்டுத்தான் அளப்பார்கள். ஒரு கக்கத்திலிருந்து மறு கக்கம் வரை டேப். அதுதான் மார்பு. அந்த அளவு இருபத்தொன்று என்றால், சுற்றளவு நாற்பத்திரண்டு. கட்டிங் மாஸ்டரிலிருந்து துணி எடுத்து மடித்துக் கொடுக்கும் கைமடி வரைக்கும் யாருக்கும் இதைச் சொல்ல வேண்டிய அவசியமே கிடையாது. பதினெட்டு வருடத்தில் பிரிசில்லா வேறு மாதிரி அளந்தவர்களைப் பார்த்ததில்லை. ஆகவே கடைப் பக்கத்திலும் ‘மார்பு 21 செ.மீ.’ என்றே முஸ்தபாவை ஆங்கிலத்தில் எழுதச் சொன்னாள். ஊருக்கு வெளியே இருப்பவர்கள் மார்பைச் சுற்றி அளப்பார்கள் என்பது அவளுக்குத் தோன்றவே இல்லை.

“அப்ப நம்ம தப்புத்தான் அவங்களக் கூட்டியாந்ததா?” என்றாள்.

“ஆமாங்கக்கா” என்றான் முஸ்தபா மெதுவாக. “கொறமாசக் கொழந்தையோட அளவு அது. இருபத்தொண்ணுன்னு ஒலகத்துல வேற ஆரும் எழுதல. அதனாலதான் தேடுனவங்க எல்லாம் நேரா நம்மகிட்ட வந்து நிக்கறாங்க.”

அவள் உறைக்குள் விரலை விட்டு அளவை எடுத்தாள். காயத்துக்குக் கட்டும் மெல்லிய துணியில் வெட்டிய ஒரு நாடா. நுனிகள் சேரும் இடத்தில் பேனாவால் ஒரு கோடு. இரண்டு நுனியையும் சேர்த்துப் பிடித்தாள். வளையம் ஆயிற்று. ஒரு கையை அதற்குள் விட்டுப் பார்த்தாள். மணிக்கட்டுக்குச் சற்று மேலே நின்றுவிட்டது. பிறகு ராக்கையாவின் கையிலிருந்த காலி டீ கிளாசை வாங்கி, துடைத்து, அதைச் சுற்றி நாடாவைப் போட்டாள். நுனியும் நுனியும் சரியாகச் சேர்ந்தன.

தெருவில் ஒரு கம்பெனி பஸ் ஹாரன் அடித்துக்கொண்டு போனது.

“இம்புட்டுத்தேனா?” என்றான் ராக்கையா. குரல் வேறு யாருடையதோ போல் இருந்தது. “இம்புட்டுக்குள்ளயா ஒரு புள்ளைக்கு நெஞ்சு இருக்கும்? அதுக்குள்ள மூச்சு ஓடுமா?”

“ஓடுதுங்களே. இன்னைக்குக் காலைல எடுத்த அளவுன்னு எழுதியிருக்காங்கல்ல” என்றாள் பிரிசில்லா.

அவன் கிளாசைத் திரும்ப வாங்கிக்கொள்ளவில்லை. அது அன்று முழுவதும் நாடாவோடு மெஷின் மேசையிலேயே இருந்தது.

முஸ்தபாதான் கேட்டான். “இப்ப என்னங்க பண்றது? நாப்பத்திரண்டுன்னு திருத்திட்டா தப்பு சரியாயிரும். ஆனா வர்றவங்க நின்னு போயிருவாங்க. மறுபடியும் நானும் எஞ்சம்சாரமுந்தான் பார்க்கோணும்.”

ஜூன் ஐந்துக்கு நாலு மாதம்கூட இல்லை. பிரிசில்லா நாடாவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“நாப்பத்திரண்டுன்னே திருத்தீருங்க பாய். நம்மால ஒரு ஆஸ்பத்திரியே ஏமாந்துருக்குது. ஆனா அதுக்குக் கீழ இன்னொரு வரி போடுங்க. சுத்தளவு இருபத்தொண்ணுலயும் தைக்கறோம்னு.”

“நாம எங்கீங்க தைக்கறோம்?”

“நீங்க போயி எழுதறதுக்குள்ள வெட்டீருவேன்” என்று கத்தரிக்கோலை எடுத்தாள்.

அவ்வளவு சுலபமாக முடியவில்லை. பெரிய சட்டையைச் சுருக்கினால் சின்னச் சட்டை ஆகிவிடும் என்று நினைத்தாள். ஆகவில்லை. துணி சுருங்கியது, தையல் சுருங்கவில்லை. ஓவர்லாக் போட்ட ஓரம் அந்தச் சட்டைக்குள் கயிறுபோல் நின்றது. அந்தக் குழந்தைகளின் தோல் ஈரத் தாளைப்போல் இருக்கும், தேய்த்தால் உரியும் என்று செவிலியர் எழுதியிருந்தார். உடம்பில் குழாயும் ஒயரும் ஒட்டியிருக்கும், தலைவழியாக எதையும் மாட்ட முடியாது, கையைத் தூக்கவும் கூடாது.

பிரிசில்லா ஒவ்வொரு துண்டையும் தைத்து, தையலைத் தன் கண்ணிமைமேல் வைத்துத் தேய்த்துப் பார்த்தாள். உறுத்தியது. பிரித்தாள். மறுபடி தைத்தாள். ஒரு வாரத்தில் அவள் இமை சிவந்து வீங்கியது.

“கம்பெனில தோளு போச்சு. சொந்தக் கடையில கண்ணு போகுது” என்றான் ராக்கையா. ஆனால் அன்று மாலை வரும்போது, தனக்குப் பழக்கமான ஒரு நிட்டிங் கம்பெனியில் கேட்டு, இருப்பதிலேயே மெல்லிய, இழுத்தால் விரியும் ரிப் துணியில் ஒரு துண்டு வாங்கி வந்திருந்தான்.

கடைசியில் அவள் சட்டையை உள்வெளியாகத் திருப்பினாள். தையல் முழுவதும் வெளிப்பக்கம், வழவழப்பு உள்பக்கம். தோளிலும் கைமேலும் தையலே இல்லை. இரண்டு பக்கமும் நாடா. அவிழ்த்தால் சட்டை ஒரே தாளாக விரிந்துவிடும். குழந்தையைத் தூக்க வேண்டாம், அடியில் விரித்து மேலே மூடிக் கட்டினால் போதும். தையல் வெளியே தெரிகிற சட்டையை எந்தக் கம்பெனியில் பார்த்தாலும் ரிஜெக்ட் என்று தூக்கிப் போடுவார்கள். பதினெட்டு வருடம் தோள்பட்டை தைத்தவள், தோள்பட்டையே தைக்காத ஒரு சட்டையைச் செய்து முடித்தாள்.

அதை டீ கிளாசுக்குப் போட்டுக் கட்டினாள். கிளாஸ் சட்டை போட்டுக்கொண்டு நின்றது. முஸ்தபா அதை அப்படியே படம் பிடித்துக் கடைப் பக்கத்தில் போட்டான். வேறெந்த அளவும் அதற்குமேல் தேவைப்படவில்லை. டீ கிளாஸ் எவ்வளவு பெரியது என்று எல்லோருக்கும் தெரியும்.

மார்ச் மூன்றாம் தேதி பன்னிரண்டு சட்டை போபாலுக்குப் போயின. பணம் கேட்கவில்லை. இரண்டு வாரத்தில் பதில் வந்தது. அந்த நாடாவின் சொந்தக்காரிக்குச் சட்டை சரியாக இருந்தது என்று எழுதியிருந்தார்கள். அவள் பிறந்ததிலிருந்து உடுத்திய முதல் துணி அதுதானாம். அதுவரை கண்ணாடிப் பெட்டிக்கு வெளியே நின்று பார்க்கவே பயந்த தாய், சட்டை போட்ட பிறகுதான், “இப்போது குழந்தை மாதிரி இருக்கிறாள்” என்று சொல்லிக் கைவிட்டுத் தொட்டாளாம். பன்னிரண்டில் ஒன்றை வேறொரு குழந்தைக்குக் கடைசியாக உடுத்தி அனுப்ப வேண்டியதாயிற்று என்றும், வெறும் துணியில் சுற்றி அனுப்பாமல் சட்டையோடு அனுப்ப முடிந்ததற்குத் தகப்பன் நன்றி சொன்னதாகவும் ஒரு வரி இருந்தது. அந்த வரியை முஸ்தபா தாழ்ந்த குரலில் படித்தான். பிரிசில்லா எழுந்து மெஷின்களின் சுவிட்சை அணைத்தாள். அன்று அப்புறம் ஓட்டவில்லை.

அதன் பிறகு நடந்ததை முஸ்தபாவால் விளக்கவே முடியவில்லை. அவன் ஒரு விளம்பரமும் செய்யவில்லை. நோட்டீஸ் அடிக்கவில்லை. ஆனால் கணக்குப் பக்கத்தில் ஊர்கள் வந்து விழுந்துகொண்டே இருந்தன. கட்டாக், இந்தூர், கோழிக்கோடு, டாக்கா, மஸ்கட். ஒரு நாள் அவன் உலகப் படத்தைத் திறந்து, வந்த ஊர்களிலெல்லாம் ஒரு புள்ளி வைத்துக் காட்டினான். பிரிசில்லா கண்ணை எடுக்காமல் பார்த்தாள்.

“இத்தனை ஊருலயுமா பாய், இப்படிக் கொழந்தைக?”

“எல்லா ஊருலயும் இருந்திருக்குங்க அக்கா. நமக்குத்தான் தெரியல.”

ஜூன் ஐந்தாம் தேதி செவ்வாய்க்கிழமை. காலையில் ராக்கையா குளித்து, வேட்டி கட்டி, முஸ்தபாவின் சென்டருக்குப் போய் கடைப் பக்கத்தின் அடுத்த வருட வாடகையைத் தானே கட்டிவிட்டு வந்தான். பிரிசில்லா துணி வெட்டிக்கொண்டிருந்தாள்.

“எங்கீங்க போயிட்டு வர்றீங்க?”

“ஓங் கடைக்குத்தேன். வாசல்ல ஒரே கூட்டம். உள்ள போகவே முடியல” என்றான்.

அவள் கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தாள். பிறகு முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். தைக்கும் சட்டையை எல்லாம் வைத்துத் தேய்த்துப் பார்க்கும் இமை இன்னும் கொஞ்சம் சிவந்துதான் இருந்தது.

பெரிய வியாபாரம் என்று அதைச் சொல்ல முடியாது. மூன்று மெஷின் ஐந்தாயிற்று, அவ்வளவுதான். துணைக்கு இரண்டு பெண்கள் வந்தார்கள். அவர்களை அவள் ஒருத்தி கை, ஒருத்தி கழுத்து என்று பிரித்து உட்கார வைக்கவில்லை. எடுத்த சட்டையை எடுத்தவளே முடிக்க வேண்டும். கம்பெனியில் ஆள் பற்றாக்குறை வந்தபோது பழைய சூப்பர்வைசர் அவளைத் திரும்பக் கூப்பிட வீடு தேடி வந்தார். பிரிசில்லா அவருக்குக் காப்பி கொடுத்து, சட்டை போட்ட கிளாசைக் காட்டினாள். அவர் அதைச் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, வந்த காரியத்தைச் சொல்லாமலே போனார்.

சுனிதா வர்கீஸ் மூன்று மாதத்துக்கு ஒரு முறை எழுதுவார். எல்லாம் அளவுகளாகவே இருக்கும். கை இன்னும் அரை சென்டிமீட்டர் குறைய வேண்டும், முடிச்சு இடது பக்கம் வந்தால் நல்லது, இந்த மாதம் இன்னும் சிறிய குழந்தை ஒன்று வந்திருக்கிறது. அவர் எழுதிய கடைசிக் கடிதத்தில் அளவு எதுவும் இல்லை. வேலையிலிருந்து ஓய்வு பெற்று ஊருக்குப் போவதாக எழுதியிருந்தார்.

“எனக்குப் பதிலாக வந்திருக்கும் பெண்ணிடம் உங்கள் முகவரியைக் கொடுக்க வேண்டும் என்று நினைத்திருந்தேன். வேலை நெருக்கடியில் மறந்துவிட்டது. நேற்று அவளுடைய மேசைக்குப் போனால் உங்கள் பார்சல் பிரித்த நிலையில் இருக்கிறது. யார் சொன்னார்கள் என்று கேட்டேன். யாரும் சொல்லவில்லை, தேடினேன், வந்தது என்றாள்.”

பிரிசில்லா அந்த இடத்தை இன்னொரு முறை படிக்கச் சொன்னாள். முஸ்தபா படித்தான். ஆட்டோவைக் கிளப்பப் போன ராக்கையாவும் இறங்கி வந்து, “என்னாங்குறாக?” என்று கேட்டான். அவனுக்காக மூன்றாவது முறையும் படித்தான். அந்தக் கடிதம் பெருமாநல்லூருக்கு வந்து சேர்ந்தது 2009 மார்ச் 17, செவ்வாய்க்கிழமை.